இண்டக்‌ஷன் ஃபர்னஸ் லைனிங்: தேய்ந்த இடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

கோவை வட்டாரப் பவுண்டரிகளில் இரும்பு உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களில் உட்சுவரான லைனிங் பெரும்பாலும் சிலிக்கா ராம்மிங் மாஸ்தான், அதாவது இடித்து இறுக்கும் சிலிக்காப் பொடி. ஒரு லைனிங் தாங்கும் ஹீட் (உருக்கும் தடவை) எண்ணிக்கை குறைந்தால் உடனே மாஸ் சரியில்லை என்று சப்ளையரைக் கூப்பிடுவது வழக்கம். அதற்கு முன் பழைய லைனிங்கை அளந்து பாருங்கள். பாதி நேரம் காரணம் நாம் போடும் சார்ஜிலும் (ஸ்கிராப் முதலிய மூலப்பொருள்) டெம்பரேச்சரிலும் இருக்கும்.

ஃபர்னஸ் காலியாக, ஆறி இருக்கும்போது உள்விட்டத்தை மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும்: ஸ்லாக் (உருகிய கசடு) நிற்கும் உயரம், நடு, அடியிலிருந்து ஒரு சாண் மேலே. ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு. கூடவே அடிப்பகுதியின் ஆழம். மாஸை இடிக்கும்போது உள்ளே நிறுத்தும் உருளை அச்சான ஃபார்மரின் வெளிவிட்டத்தோடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். சுவர் 75 மி.மீ. என்றால், விட்டம் 50 மி.மீ. கூடும்போது சுற்றிலும் 25 மி.மீ. போயிருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஓட்டுவது சூதாட்டம்.

ஸ்லாக் மட்டத்தில் மட்டும் வளையம்போல் அரித்திருந்தால் துருப்பிடித்த ஸ்கிராப்பைச் சந்தேகியுங்கள். துருவின் இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 டிகிரியிலேயே உருகும் ஸ்லாக் ஆகிவிடும்; சுவர் அதில் கரைந்துபோகும். மாங்கனீஸ் ஆக்சைடும் இதே வேலையைச் செய்யும்.

சுவர் முழுக்கச் சீராக மெலிந்திருந்தால் அதிக சூடுதான் காரணம். சுமார் 1,450 டிகிரிக்கு மேல் உலோகத்தைக் காத்திருக்க வைத்தால் அதிலுள்ள கார்பன் சுவரின் சிலிக்காவைத் தாக்கும். சிலிக்கான் உலோகத்துக்குள் போகும், கார்பன் மோனாக்சைடு வாயுவாக வெளியேறும். லேப் ரிப்போர்ட்டில் கார்பன் இறங்கி சிலிக்கான் தானாக ஏறினால், அது உங்கள் லைனிங்தான். மோல்டு தயாராகும்வரை முழுச் சூட்டில் வைத்திருக்கும் பழக்கத்தை விட்டு, சூட்டைக் குறைத்து வைத்து ஊற்றும் முன் ஏற்றுங்கள்.

அடி மூலை யானைக்கால்போல் குடைந்திருந்தால், அங்கே சரியாக இடித்து இறுக்கவில்லை, அல்லது கார்பன் கூட்டப் போடும் கார்பரைசரை மொத்தமாகக் காலி அடியில் கொட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் ஃபார்மர் மையத்தில் நிற்கவில்லை. இதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் லீக்கேஜ் கரண்ட் (லைனிங்கைச் சுற்றியுள்ள, தண்ணீர் ஓடும் செம்புச் சுருளான காயிலிலிருந்து கசியும் மின்சாரம்) ஏறுவது உண்டு. புது லைனிங்கின் முதல் சில ஹீட்களில் என்றால் பெரும்பாலும் ஈரம், தானாகக் குறையும். பிறகும் மெல்ல ஏறினால் துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு ஸ்கிராப்பைப் பாருங்கள். துத்தநாக ஆவி சுவரின் நுண்துளைகள் வழியே போய், காயிலை ஒட்டிய குளிர்ந்த பகுதியில் உலோகமாகப் படிகிறது. திடீரென்று எகிறினால் விரிசலில் இரும்பு இறங்கியிருக்கலாம். பவரை நிறுத்தி உலோகத்தை ஊற்றிக் காலி செய்யுங்கள். மீட்டரை ரீசெட் செய்து ஓட்டாதீர்கள். காயிலின் தண்ணீரோடு உருகிய இரும்பு சேர்ந்தால் வெடிக்கும்.

விரிசலின் வேர் சிலிக்காவின் குணத்தில் இருக்கிறது. சிலிக்காவின் இயல்பான வடிவமான குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். சூட்டில் இறுகிச் சின்டரான உள்தோல் பெரும்பாலும் சிலிக்காவின் இன்னொரு படிக வடிவமான கிரிஸ்டோபலைட்டாக மாறியிருக்கும். அது ஆறும்போது 200 முதல் 270 டிகிரிக்குள் சுருங்கி விரிசல் விடும். இது நடந்தே தீரும். வார விடுமுறைக்குப் பின் முழு பவரில் தொடங்கினால், விரிசல் மூடும் முன்பே உலோகம் உருகி உள்ளே நுழையும். சார்ஜ் போட்டு, குறைந்த பவரில் ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்து 1,000 டிகிரிவரை கொண்டுபோங்கள். பிறகு பவரைக் கூட்டலாம்.

மேலே ஸ்கிராப் பிடித்துக்கொண்டு பாலம் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். அடியிலுள்ள உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் சூடேறிக்கொண்டே போகும். வாரக்கணக்கில் தேய வேண்டியது ஒரே ஹீட்டில் போய்விடும். பவரை உடனே நிறுத்துங்கள். கம்பியால் குத்தி இறக்க ஃபர்னஸ் வாயருகே யாரையும் அனுப்பாதீர்கள்.

உடைக்கும்போது வெட்டுமுகத்தையும் பாருங்கள். உள்ளே கெட்டியான தோல், நடுவில் பாதி இறுகிய பகுதி, காயில் பக்கம் கையால் உதிரும் பொடி என மூன்று அடுக்குகள் இருக்க வேண்டும். ஊடுருவும் உலோகத்தைத் தடுப்பது அந்தப் பொடிதான். புதிய சுவரே காயில்வரை கல்லாக இறுகியிருந்தால் மாஸை இறுக வைக்கச் சேர்க்கும் போரிக் ஆசிட் அதிகம். 100 கிலோ மாஸுக்கு 1.2 கிலோ போரிக் ஆசிட் போடும் இடத்தில் போரிக் ஆக்சைடு 0.68 கிலோ போதும். ஆசிடுக்குப் பதில் ஆக்சைடு பையை எடுத்துவிட்டு எடையை மாற்றாமல் போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

லைனிங்கை உடைக்கும்போது கிளம்பும் தூசியில் கிரிஸ்டோபலைட் இருப்பதால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் வரும். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. என்95 அல்லது அதற்கு மேலான மாஸ்க் வேண்டும். தூசி அடங்கட்டும் என்று சூடான லைனிங்கில் தண்ணீர் அடிக்காதீர்கள், காயில் இன்சுலேஷன் நனைந்துவிடும்.