ஸ்ட்ரீமிங் காசு கேட்கக் கிளம்பும் முன் கணக்கை எடுங்கள்

"ஒரு ஸ்ட்ரீமுக்கு இத்தனை பைசா கொடு" என்று இசைக்கலைஞர்கள் போடும் கோஷம் மேடைக்கு நன்றாயிருக்கும், பேச்சுவார்த்தையில் நிற்காது. (இணையத்தில் ஒரு பாட்டை ஒரு முறை கேட்பதுதான் ஒரு ஸ்ட்ரீம்.) ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டுத் தளங்களில் நிலையான ரேட் கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து வந்த பணத்தில், மொத்தக் கேட்பில் உங்கள் பாட்டுக்கு உள்ள பங்கைப் பிரித்துத் தருகிறார்கள். 2020இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒன்று ஸ்ட்ரீமுக்கு ஒரு சென்ட் கேட்டது. 2021 மார்ச்சில் பல நாடுகளில் ஸ்பாட்டிஃபை அலுவலக வாசலில் போராட்டமும் நடந்தது. ஊர் முழுக்கப் பேசியது, ரேட் மட்டும் வரவில்லை.

இந்தியாவில் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. 2012 காப்பிரைட் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சமபங்கு கேட்கலாம். அதை விட்டுக்கொடுப்பதாகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் ராயல்டி கேட்க வழி தருவது அதே சட்டத்தின் பிரிவு 38ஏ. ஆகவே முதல் கேள்வி, யார் கையில் உங்கள் பணம் நிற்கிறது? வரிக்கும் மெட்டுக்கும் உள்ள பணம் ஐ.பி.ஆர்.எஸ். என்ற ராயல்டி வசூல் சங்கம் வழியாக வர வேண்டும். ஒலிப்பதிவுக்கு உள்ளது லேபிள் (பாட்டை வெளியிடும் கம்பெனி) அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் கம்பெனி) வழியாக. சங்கத்தில் உறுப்பினராகாமலே, பாட்டைப் பதியாமலே 'தளம் ஏமாற்றுகிறது' என்று கத்தினால் எதிராளிக்குச் சிரிப்புதான் வரும்.

பத்துப் பதினைந்து பேராவது சேருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே 12 மாதத்தின் ஸ்டேட்மென்டை வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எக்செல் கோப்பாகவே வேண்டும். ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்), நாடு, சந்தா வகை, ஸ்ட்ரீம் எண்ணிக்கை, நிகரத் தொகை என ஐந்து பத்திகள் போதும். ஒரு வரியில் 12,400 ஸ்ட்ரீம், 868 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 7 பைசா. அந்த 868 டிஸ்ட்ரிபியூட்டர் கமிஷன் போனதா, போகாததா என்று பாருங்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் தடம் புரளும். இந்திய இலவசக் கணக்கு வரியையும் அமெரிக்க பிரீமியம் வரியையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டாலரில் வந்தால் எந்த நாள் மதிப்பில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு ஷரத்து இருக்கிறதா என்பதையும் முதலிலேயே படியுங்கள். இருந்தால் தனிப்பட்ட எண்களை வெளியே விடாதீர்கள், கூட்டுத்தொகை மட்டும் போதுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். காசு கொடுத்து ஸ்ட்ரீம் ஏற்றியவரைச் சேர்க்காதீர்கள். அவர் ஒருவரால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கோரிக்கை மூன்றைத் தாண்ட வேண்டாம். ஓர் ஆண்டில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒலிப்பதிவுக் காசு தருவதில்லை, அதை நீக்கக் கேட்கலாம். ஒரு ரசிகரின் சந்தா, அவர் யார் பாட்டைக் கேட்டாரோ அந்தக் கலைஞர்களுக்கே போகும் முறையைக் கோரலாம். சவுண்ட்கிளவுட் தளம் 2021இல் இதைத் தொடங்கிவிட்டது. சமபங்கு கேட்டு லேபிளுக்குத் தனிக் கடிதம் போடலாம்.

மனுவை மாநில அரசுக்கு அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். காப்பிரைட் மத்திய அரசின் அதிகாரம். மனு போக வேண்டியது அங்குள்ள தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைக்கு. உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு பிரதி கொடுங்கள், மக்களவையில் கேட்கக்கூடிய கேள்வியாகவே எழுதி, அந்த எக்செலின் ஒரு பக்கச் சுருக்கத்தோடு.