பேஸ்பால் கார்டு சேக்க ஆரம்பிக்கிறீங்களா? இப்படி ஆரம்பிங்க

நான் வளந்தது நியூ ஜெர்சில. 1987ல ஸ்கூல் விட்டு வர்ற வழியில டாப்ஸ்ங்கிற கம்பெனி போடுற, பேஸ்பால் பிளேயருங்க படம் இருக்கிற கார்டு பாக்கெட் வாங்கினாத்தான் அந்த நாளே முடியும், மெழுகு பேப்பரப் பிரிச்சா உள்ள 17 கார்டு, கூடவே ஒரு பபிள்கம் பட்டை, ஓரத்துல மரப்பலகை மாதிரி டிசைன் போட்ட அந்தக் கார்டுங்கள இப்ப கையில எடுத்தாலும் எனக்கு பத்து வயசு ஆயிடும்.

மொதல்ல, ஒரே ஒரு பிளேயரப் புடிச்சுக்கோங்க, இல்லன்னா ஒரு டீம். டாப்ஸ் 1987ல போட்ட மொத்த செட்ல மட்டும் 792 கார்டு, எல்லாத்தையும் தொரத்தினா சலிச்சுப் போயிடும். எனக்கு டான் மாட்டிங்லி, நியூயார்க் யாங்கீஸ் டீமோட ஃபர்ஸ்ட் பேஸ்மேன், அதாவது மொத பேஸ்கிட்ட நின்னு ஃபீல்டிங் பண்றவன்.

அடுத்து வாங்குறது. விலை ஏறும்னு நெனச்சு வாங்காதீங்க. யாங்கீஸோட பழைய ஸ்டார் மிக்கி மேன்டிலோட 1952 டாப்ஸ் கார்டு ஒண்ணு 2022ல 1.26 கோடி டாலருக்குப் போச்சுன்னா, அந்த செட்ல விக்காததையெல்லாம் கம்பெனியே கடல்ல கொட்டிடுச்சு, அதான் நல்ல நெலமையில கெடைக்கிறது கம்மி. எண்பதுகளோட கடைசில வந்ததெல்லாம் அளவில்லாம அச்சடிச்சது, அதுக்கு அந்த மாதிரி விலை வராது. அதனால என்ன, கார்டு விக்கிற ஷோவுக்குப் போய், எத எடுத்தாலும் ஒரு டாலர்னு வெச்சிருக்கிற டாலர் பாக்ஸ்ல கைய விட்டுத் தேடுங்க, நமக்குப் புடிச்ச மொகம் கெடைக்கிற சந்தோஷமே தனி.

கையில வந்ததும் பின்பக்கத்தத் திருப்புங்க, பாதிப்பேரு இத விட்டுடுறாங்க. மாட்டிங்லி கார்டுல 1986 வரிசையப் பாருங்க: அட் பேட் (கணக்குல சேர்ற பேட்டிங் தடவை) 677, ஹிட் (அடிச்சு பேஸ் சேந்தது) 238, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) 31. 238ஐ 677ஆல வகுத்தா .352, அதான் பேட்டிங் ஆவரேஜ். நம்ம கிரிக்கெட் ஆவரேஜ் மாதிரி ரன் கணக்கு இல்ல, பந்த அடிச்சு பத்திரமா பேஸுக்கு எத்தன தடவ போனான்ங்கிற கணக்கு, பவுலர் நாலு பந்து தப்பா போட்டு அடிக்காமலே பேஸ் கெடைச்சா அதுக்கு வாக்னு பேரு, அது அட் பேட்லயே சேராது. பத்து தடவைக்கு மூணு அடிச்சாலே பெரிய ஆளு! நான் தசமப் புள்ளி வகுத்தல் கத்துக்கிட்டது இந்தக் கார்டுங்கள வெச்சுத்தான்.

இப்ப பத்திரப்படுத்துறது. தயவுசெஞ்சு ரப்பர் பேண்ட் போடாதீங்க, நான் போட்டேன், மேலயும் கீழயும் இருந்த கார்டோட ஓரத்துல பள்ளம் விழுந்துடுச்சு, அது சரியாகவே ஆகாது. ஓரத்த மட்டும் புடிச்சுத் தூக்குங்க. கார்டு போடுற மெல்லிசான பிளாஸ்டிக் உறைக்கு பென்னி ஸ்லீவ்னு பேரு, அதோட வாயை ரெண்டு பக்கமும் லேசா அமுக்கினா விரியும், முனை மடங்காம மெதுவா எறக்குங்க. ரொம்பப் புடிச்சதுன்னா ஸ்லீவோடயே டாப்லோடர்ங்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறையில போடுங்க. மத்ததெல்லாம் ஒன்பது கார்டு சொருக ஒன்பது பாக்கெட் இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்ல, பைண்டர்ல. பிவிசி கலக்காத ஷீட்டான்னு கேட்டு வாங்குங்க, பழைய பிவிசி ஷீட் நாளாக நாளாக கார்டோட ஒட்டிக்கும்.

மொதப் பக்கத்துல நடு பாக்கெட்ட உங்க ஆளுக்கு விட்டு வைங்க. என்னோடதுல அந்த எடத்துல மூலை மழுங்கின மாட்டிங்லிதான் இருக்கான், அதவிடப் புதுசா ரெண்டு கெடைச்சும் நான் மாத்தல.