இஸ்லா முஹேரெஸில் நான்கு இரவு: இருவருக்கான வழிகாட்டி

மெக்சிகோவின் கான்கூனுக்குப் போகிறவர்கள் பலர் எதிரே கடலில் கிடக்கும் இஸ்லா முஹேரெஸ் தீவைப் பகலில் ஒரு சுற்று பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். காலை பதினொரு மணி வாக்கில் குவியும் கூட்டம் ஐந்து மணிக்கெல்லாம் படகேறிவிடும். தீவு அழகாக இருப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். ஓய்வு எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கான்கூனில் அறை போட்டு இங்கே வந்து போவது வீண். தீவிலேயே தங்குங்கள், நான்கு இரவுக்குக் குறையாமல். நீளம் 7 கி.மீ., அகலம் பெரும்பாலான இடங்களில் ஒரு கி.மீ.கூட இல்லை. சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும், மிச்ச நாட்கள் சும்மா இருக்க.

எந்த மாதம்

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஈஸ்டர் வரை விலை உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் விடுமுறைக் கூட்டமும், ஈஸ்டரை ஒட்டிய புனித வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் சேர்ந்துகொள்வார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அதில் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை ஆபத்து கூடுதல்.

பலரும் கணக்கில் எடுக்காதது 'நோர்த்தே'. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று இது. ஓரிரு நாள் அடித்துவிட்டு ஓயும். அந்த நாட்களில் தீவின் பெயர்பெற்ற வடக்குக் கடற்கரையான ப்ளாயா நோர்த்தேயில் அலை எழும்பும், மணல் முகத்தில் அறையும், சில நேரம் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் நான்கு இரவை ஐந்தாக்குங்கள்.

சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி, பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, மெக்சிகோவின் கரீபியக் கரையோரம் குவிந்து அழுகி நாறும். ஆனால் அது வருவது கிழக்கிலிருந்து. ப்ளாயா நோர்த்தே வடமேற்கைப் பார்த்து இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஈஸ்டர் முடிந்த பிறகு மே நடுப்பகுதி வரை போவதுதான் நல்லது. காற்று அடங்கியிருக்கும், கடல் வெதுவெதுப்பு, அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

நுழைவுத் தாள்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் தனி விசா தேவையில்லை. அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் சிக்குவது இங்கேதான். வேலைக்கான அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும், கடவுச்சீட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால் மெக்சிகோவுக்கு அது விசா இல்லை. முன்கூட்டியே மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தம்பதியில் இருவருடைய விசாத் தேதியையும் பாருங்கள். ஒருவருடையது மட்டும் முடிந்திருப்பது அபூர்வமல்ல.

இ-சிகரெட் எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பறிப்பார்கள். கான்கூனும் தீவும் அடங்கிய கின்டானா ரோ மாநிலம் வெளிநாட்டவரிடம் 'விசிடாக்ஸ்' என்ற வரி வாங்குகிறது. இணையத்தில் கட்டலாம், ஆனால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தரகுத் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். இதுபோக இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சுற்றுச்சூழல் கட்டணத்தை விடுதியிலேயே வாங்குவார்கள், அது ஏமாற்று அல்ல.

விமான நிலையத்திலிருந்து தீவு வரை

சுங்கம் தாண்டியதும் ஒரு கூடம். சீருடையும் அடையாள அட்டையுமாக நிற்பவர்கள் 'டாக்ஸியா? எந்த விடுதி?' என்று அக்கறையாகக் கேட்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் பங்கு விற்பவர்கள். நின்று பதில் சொன்னால் இலவசக் காலை உணவு என்று ஆரம்பித்து அரை நாளை விழுங்கிவிடுவார்கள். 'நோ, கிராசியாஸ்' என்று சொல்லிக்கொண்டே நடையை நிறுத்தாமல் வெளியே வாருங்கள்.

வண்டியை முன்பதிவு செய்துவிட்டால் புவெர்த்தோ ஹுவாரெஸ் படகுத்துறைக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணி முதல் முக்கால் மணி. செலவைக் குறைக்க ஏடிஓ பேருந்தில் கான்கூன் நகரப் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து டாக்ஸி. கான்கூன் விடுதிப் பகுதியிலிருந்தும் படகுகள் உண்டு, விலை கூடுதல், எண்ணிக்கை குறைவு. புவெர்த்தோ ஹுவாரெஸிலிருந்து பகலில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு படகு, பயணம் சுமார் 20 நிமிடம். துறைக்கு வெளியே சீட்டு விற்பவர்களிடம் வாங்காமல் கவுண்டருக்கே போங்கள். பெரிய பெட்டிகளைப் படகுக்காரர்கள் வாங்கி அடுக்கிவிடுவார்கள், மருந்தும் கடவுச்சீட்டும் தோள்பையில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்குமேல் தரையிறங்கும் விமானம் என்றால் அன்றிரவு கான்கூனில் படுத்துவிட்டுக் காலையில் போவது நிம்மதி.

அறை

வடமுனையில் உள்ள சென்ட்ரோ பகுதியில் தங்கினால் கடற்கரை, கடை, படகுத்துறை எல்லாம் நடை தூரம். நடுத்தீவில் வாடகை மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் டாக்ஸி. தெற்கில் பாறைக்கரை, அமைதி, சூரிய உதயம் எல்லாம் உண்டு, இறங்கிக் குளிக்க மணல் குறைவு.

சென்ட்ரோவில் ஒரு பொறி உண்டு. இதால்கோ தெரு நடைவீதி, நள்ளிரவு வரை பாட்டும் கூத்தும். அந்தத் தெருவைப் பார்த்த அறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளினால் தூக்கம் வரும். பதிவில் 'காமா மாட்ரிமோனியால்' என்று இருந்தால் தேனிலவுக் கட்டில் என்று மகிழ வேண்டாம், 1.35 மீட்டர் அகலமுள்ள சாதாரண டபுள் கட்டில் அது. தாராளமாகப் புரள 'கிங்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த தொகுப்பு இங்கே அவசியமில்லை. தெருவில் கிடைக்கும் சாப்பாடே நன்றாக இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். அறையில் பெரிய தண்ணீர்க் குடம் வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 'கார்ரஃபோன்' என்பார்கள். கழிவறையில் கூடை இருந்தால் காகிதம் அதில்தான், கோப்பையில் போட்டால் அடைக்கும்.

கடற்கரை நாட்கள்

ப்ளாயா நோர்த்தேயில் வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். நீச்சல் தெரியாதவருக்கு இதைவிட நல்ல கடல் கிடைப்பது கஷ்டம். மேற்கும் திறந்திருப்பதால் சூரியன் கடலிலேயே மறையும். மெக்சிகோவின் கரீபியக் கரையில் இது அரிது.

காலை ஏழரைக்கு இறங்குங்கள். பத்தரை வரை மணல் கிட்டத்தட்ட உங்களுடையது. பதினொன்றிலிருந்து நாலு வரை நிழல், சாப்பாடு, தூக்கம். நாலரைக்கு மறுபடி வந்து இருட்டும் வரை இருங்கள். சனி, ஞாயிறுகளில் கான்கூன் குடும்பங்களும் வரும் என்பதால் திங்கள் வந்து வெள்ளி கிளம்புவது சுகம்.

மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து, துண்டை விரித்து உட்கார யாருக்கும் காசு தர வேண்டாம். குடையும் சாய்நாற்காலியும் வேண்டும் என்றால் வாடகை, அல்லது 'கொன்சூமோ மினிமோ', அதாவது குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும். உட்காரும் முன்பே மூன்று கேள்வி: தொகை ஒருவருக்கா இருவருக்கா, எத்தனை மணி வரை, டிப்ஸ் அதில் சேர்ந்ததா. இதைக் கேட்காததால்தான் மாலையில் பில்லோடு சண்டை வருகிறது.

முதல் நாள் வெயில்தான் பல பயணங்களைக் கெடுக்கிறது. கடற்காற்றில் சுடுவது தெரியாது, இரவில்தான் தோள் எரியும். கருத்த தோலுக்கும் இது பொருந்தும். நீளக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் சன்ஸ்க்ரீன் களிம்பு முகத்துக்கும் காலுக்கும் மட்டும் போதும். துத்தநாக ஆக்சைடு உள்ளதாக வாங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை தடவுங்கள். அந்தி சாயும்போது கொசு, மணல் ஈ இரண்டும் கடிக்கும்.

கிழக்குக் கரை வேறு கடல். பார்க்க அழகு, உள்ளே இழுக்கும் நீரோட்டம். அங்கே காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். எங்கும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது.

ஒரு நாள் கார்ட்

தீவைச் சுற்ற கோல்ஃப் கார்ட் என்ற சிறு திறந்த வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். எடுக்கும் முன் நாலு பக்கமும், டயர்களையும், பெட்ரோல் முள்ளையும் வீடியோ எடுங்கள், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் கட்ட வேண்டிவராது. 24 மணி நேரமா, மாலை 5 வரையா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேகத்தடைகளை 'தோப்பே' என்பார்கள், பல இடங்களில் அறிவிப்பே இருக்காது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் முந்திக்கொண்டே இருக்கும், வலப்பக்கம் ஒதுங்கி மெதுவாகப் போங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் இங்கும் குற்றம்தான்.

முதலில் தென்கோடி புன்ட்டா சுர். மெக்சிகோவின் கிழக்குக் கடைசி முனை இது. இஷ்செல் என்ற மாயா நாகரிகத்துப் பெண்தெய்வத்தின் சிறு கோயில் இடிபாடு இருக்கிறது, 1988-இல் கில்பெர்ட் சூறாவளி அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. 1517-இல் வந்த ஸ்பானியர்கள் இந்தத் தீவில் பெண் உருவச் சிலைகளைக் கண்டதால்தான் 'பெண்கள் தீவு' என்ற பெயர் என்பார்கள். பாறை விளிம்பில் ஈரம் வழுக்கும், செருப்பு போதாது. நுழைவாயில் திறந்ததும் போய்விட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

திரும்பும் வழியில் மேற்குக் கரையில் ப்ளாயா லன்செரோஸ். டிகின் ஷிக் சாப்பிட இதுவே இடம். முழு மீனைப் பிளந்து, அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூசி, வாழையிலையில் வைத்துக் கரியில் சுடுவது. பல இடங்களில் எடைக்கு விலை, எடையையும் விலையையும் முதலில் கேளுங்கள். வெந்து வர நேரமாகும், சொல்லிவிட்டு ஒரு குளியல் போட்டு வரலாம்.

கடலுக்குள்

ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) படகுகளில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரியாமலும் போகலாம். தேசியக் கடற்பூங்கா என்பதால் தனியாக ஒரு கைப்பட்டைக் கட்டணம் உண்டு, சொன்ன விலையில் அது சேர்ந்ததா பாருங்கள். கடலடிச் சிலை அருங்காட்சியகத்தின் மன்சோனெஸ் பகுதி சுமார் 8 மீட்டர் ஆழத்தில். மேலிருந்து பார்த்தால் நிழலாகத்தான் தெரியும், டைவிங் செய்பவருக்கே அது முழுசாகக் கிடைக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை திமிங்கலச் சுறாப் பயணம் உண்டு. திறந்த கடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கும், வாந்தி மாத்திரையைப் படகேறும் முன்பே போடுங்கள். வழிகாட்டியுடன் இருவர் இருவராகத்தான் இறங்க விடுவார்கள், தொடக் கூடாது, சன்ஸ்க்ரீன் பூசக் கூடாது. ஓய்வுப் பயணத்தில் இது ஒன்றுதான் களைப்பு, மறுநாள் எதுவும் வைக்காதீர்கள்.

சாப்பாடும் காசும்

சைவர்கள் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்றால் இறைச்சி, கோழி, மீன் வராது. ஆனால் பயறு மசியலில் பன்றிக் கொழுப்பும் சோற்றில் கோழிச் சாறும் மறைந்திருக்கும். 'சின் மன்தேகா, சின் கால்தோ' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீஸ் வைத்து மடித்த கேசடியா ரொட்டி, வெண்ணெய்ப்பழ மசியலான குவாக்கமோலே, சுட்ட சோளம், பப்பாளி பெரும்பாலும் பிரச்சினையற்றவை. ஆரஞ்சு நிற ஹபனேரோ சாஸை, 'நமக்குத் தெரியாத காரமா' என்ற தைரியத்தில் கரண்டியால் ஊற்றாதீர்கள், ஒரு சொட்டில் தொடங்குங்கள். மாலையில் சதுக்கத்தில் மார்கெசீத்தா வண்டி நிற்கும். மொறுமொறு சுருளுக்குள் எடாம் சீஸ் துருவல், இருவருக்கு ஒன்று போதும்.

பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவார்கள், 280 என்றிருந்தால் அது பெசோ. தீவின் ஏடிஎம்களில் வார இறுதியில் பணம் தீர்ந்துவிடும், வியாழனுக்குள் எடுங்கள். வங்கி வாசல் இயந்திரமே நல்லது. 'உங்கள் நாணயத்தில் மாற்றித் தரவா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், பணம் எப்படியும் வரும், விகிதம் மட்டும் நியாயமாக இருக்கும். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம், பில்லில் 'சர்விசியோ' ஏற்கெனவே இருந்தால் மறுபடி வேண்டாம். டாக்ஸிக்குப் படகுத்துறையில் கட்டணப் பலகை உண்டு, ஏறும் முன் தொகையைச் சொல்லிக் கேளுங்கள்.

கிளம்பும் நாள்

கின்டானா ரோ 2015 முதல் தனி நேர மண்டலத்தில் இருக்கிறது, மெக்சிகோ நகரத்தைவிட ஒரு மணி முன்னால். கைப்பேசி தானாக மாறியதா என்று படகுத்துறைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மதியம் 2 மணிக்கு வெளிநாட்டு விமானம் என்றால் 11-க்கு விமான நிலையம், 10-க்குப் புவெர்த்தோ ஹுவாரெஸிலிருந்து வண்டி, 9 அல்லது 9.30 படகு, அதற்கு அரை மணி முன் துறையில். முந்தின மாலையே படகு நேரத்தைத் துறையில் பாருங்கள். நோர்த்தே மாதங்களில் விடுதிக்காரரிடம் 'வான் ஆ செர்ரார் எல் புவெர்த்தோ?' என்று கேளுங்கள், துறை மூடப் போகிறதா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினால் அன்றிரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு கான்கூன் பக்கம் போய்விடுங்கள்.