4ஜி ரவுட்டருக்கு ஆண்டெனா மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இன்னும் எட்டாத ஊர்களில் சிம் போடும் ரவுட்டர்தான் கதி. வேகம் போதவில்லை என்றதும் ஆண்டெனா வாங்கி மொட்டை மாடியில் கட்டுகிறார்கள். அதன்பிறகும் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் ஆண்டெனாவைத் திட்டுகிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

மலிவாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆண்டெனா கேபிள், 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) சிக்னலைத் தின்றுவிடும். மாடியிலிருந்து கூடத்துக்கு 10 மீட்டர் இழுத்தால் 10 டெசிபல் போச்சு. 9 டெசிபல் கூட்டித் தரும் ஆண்டெனா வாங்கியும் பலனில்லை. எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளில் இதே தூரத்துக்கு 2 டெசிபலுக்குச் சற்று மேல்தான் போகும். ஆனால் விலை அதிகம், வளைக்கவும் வராது. என்னைக் கேட்டால், ரவுட்டரையே மாடிப்படி அறைக்கு ஏற்றிவிட்டு, கீழே லேன் கேபிளை இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். வெயிலில் கொதிக்கும் தகரப் பெட்டிக்குள் மட்டும் ரவுட்டரை வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, திருகு சரியாக ஏறிவிட்டதே என்று நம்பிவிடுவது. 4ஜி ஆண்டெனாவின் முனைக்கு எஸ்எம்ஏ என்று பெயர். அதன் நடுவே சின்ன ஊசி இருக்கும். வைஃபை ஆண்டெனாவின் ஆர்பி-எஸ்எம்ஏ முனையில் ஊசிக்குப் பதில் துளை. மரை இரண்டிலும் ஒன்றே என்பதால் மாற்றி மாட்டினாலும் கச்சிதமாக இறுகும். ஆனால் ஊசி இல்லாத இடத்தில் தொடர்பே ஏற்படாது. வாங்குமுன் முனையை உற்றுப் பாருங்கள்.

ஆண்டெனாவில் அச்சிட்டிருக்கும் அலைவரிசையையும் பாருங்கள். 1700–2700 மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால், ஜியோவின் 850-க்கோ பிஎஸ்என்எல்லின் 700-க்கோ அது உதவாது. டவரிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் எட்டுவதே இந்தக் குறைந்த அலைவரிசைகள்தான்.

ரவுட்டரில் ஆண்டெனா மாட்டும் இடங்கள் இரண்டு இருந்தால் இரண்டிலும் கேபிள் வேண்டும். இரண்டு தனி ஆண்டெனாக்கள் என்றால் ஒன்று இந்த டவருக்கு, மற்றது அந்த டவருக்கு என்று பிரித்துக் கட்டக்கூடாது. இரண்டும் ஒரே டவரைப் பார்க்கட்டும். ஒன்றை 45 டிகிரி இடப்பக்கமும் மற்றதை 45 டிகிரி வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள்.

திசை பிடிக்கும்போது ரவுட்டரின் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் அமைப்புகளைக் காட்டும் அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம் (மைனஸ் எண்ணாக வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது), இரண்டாவது அதன் தெளிவு (எண் கூடக்கூட நல்லது). பலம் -95, தெளிவு 2 என்பதைவிட, பலம் -102, தெளிவு 15 என்பதே பெரும்பாலும் வேகமாக ஓடும். கண்ணுக்குத் தெரியும் டவர் உங்கள் சிம்முக்கு உரியதாக இல்லாமலும் போகலாம். ஆகவே 15 டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி திருப்புங்கள். இரவு 9 மணி நெரிசலில் எடுத்த வேகத்தைக் காலை 6 மணி வேகத்தோடு ஒப்பிட வேண்டாம்.

மழை நீர் இணைப்புக்குள் இறங்கினால் சில மாதங்களில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும் என்பதால், தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆண்டெனா கட்டிய இரும்புக் கம்பத்துக்கு எர்த் அவசியம். இடி வரும்போல் தெரிந்தால் முன்கூட்டியே ஆண்டெனா கேபிள், லேன் கேபிள், பவர் மூன்றையும் கழற்றி வையுங்கள். இடிக்கத் தொடங்கியபின் எதையும் தொட வேண்டாம்.