பூனைக்கும் நாய்க்கும் சுவரில் தனிக் கதவு: வைப்பது எப்படி?

நல்ல மரக்கதவை அறுக்க மனசு வராதவர்களுக்கும், கதவே கண்ணாடியாக இருப்பவர்களுக்கும் சுவர்தான் வழி. இங்கே சொல்வது செங்கல் சுவருக்கு. ஓட்டை போடுவது பெரிய வித்தை இல்லை, அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

முதலில் அளவு

பிராணியைத் தரையிலிருந்து தோள் வரை அளந்துகொள்ளுங்கள். தலை உயரம் தேவையில்லை, அது குனிந்து நுழைந்துவிடும். திறப்பின் மேல்விளிம்பு தோளைவிட ஓர் அங்குலமாவது மேலேயும், கீழ்விளிம்பு வயிற்றுக்குக் கீழேயும் வரவேண்டும். மார்பு, இடுப்பு இரண்டில் எது அகலமோ அதோடு இரண்டு அங்குலம் சேர்த்தால் அகலம் கிடைத்துவிடும். குட்டி என்றால் வளர்ந்தபின் வரும் அளவைத்தான் பார்க்கவேண்டும், வயதான நாய் என்றால் கீழ்விளிம்பு இன்னும் தாழ்வாக இருக்கட்டும்.

அப்புறம் சுவரின் தடிமனை, இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்து அளந்து, அந்தத் தடிமனுக்கு நீளும் சுரங்கக் குழாயோடு (சுவரின் உள்ளே இரு பக்கத்தையும் இணைக்கும் கூடு) வருகிற கதவையே வாங்குங்கள். மரக்கதவுக்கான சட்டத்தை வாங்கிவந்து சுவரில் ஒட்டப் பார்ப்பது வீண். பிராணியின் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பைப் படித்துத் திறக்கும் தானியங்கிக் கதவு என்றால் சுரங்கம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோகம் பக்கத்தில் இருந்தால் சிப்பைப் படிக்கத் தடுமாறும்.

இடம்

சுவிட்ச் பெட்டிக்கு நேர் கீழும் மேலும் வேண்டாம், வயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும். குளியலறை, சமையலறைச் சுவரில் குழாய் இருக்கலாம். தூண், பீம், விரிசல் உள்ள இடம் எதையும் தொடாதீர்கள். வாசல் கதவின் தாழ்ப்பாளுக்குக் கை எட்டும் தூரத்திலும் வைக்கக்கூடாது, காரணம் சொல்லவே தேவையில்லை. பலரும் மறப்பது வெளித்தரை: உள்ளே அரையடி உயரத்தில் இருக்கும் திறப்பு வெளியே இரண்டடியாக இருக்கலாம், அப்படியானால் வெளியே ஒரு படி கட்டவேண்டும்.

மாடியின் எடை முழுவதையும் அந்தச் சுவரே தாங்குகிறது என்றாலோ, பெரிய நாய்க்கு அகலமான திறப்பு வேண்டுமென்றாலோ, ஒரு பொறியாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். திறப்புக்கு மேலே சுவரின் எடையைத் தாங்க லிண்டலோ (குறுக்காக வைக்கும் கான்கிரீட் கட்டை) இரும்பு ஆங்கிளோ (எல் வடிவச் சட்டம்) தேவைப்படும்.

உடைப்பது

அந்த அறைக்கான எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள கரண்ட் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம், தூசி சும்மா விடாது. உள்பக்கம் ரசமட்டம் வைத்துச் செவ்வகம் வரைந்து, நான்கு மூலையிலும் நீளமான டிரில் பிட்டை நேராகச் செலுத்தி வெளியே வரவழையுங்கள். அந்த நான்கு துளைகளையும் வெளிப்பக்கம் கோடிட்டு இணைத்தால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்துவிடும். பிறகு கிரைண்டரால் கோட்டின்மேல் இருபுறமும் வெட்டுங்கள். சக்கரம் சுவரின் பாதி ஆழம்கூடப் போகாமல் இருக்கலாம், பரவாயில்லை, வெட்டின் நோக்கம் பூச்சு கண்டபடி பெயராமல் தடுப்பது. உள்ளே இருப்பதைச் செங்கல் இணைப்புகளில் வரிசையாகத் துளைபோட்டு, உளியால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கல்லாக எடுங்கள். சம்மட்டியைத் தொடாதீர்கள்.

பொருத்துவது

திறப்பின் உள்முகங்களைச் சிமென்ட் கலவையால் பூசுங்கள். அடிப்பகுதி மட்டும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரியவேண்டும், இதை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் நடந்து வரும். நன்றாகக் காய்ந்தபின் சுரங்கத்தைச் செருகி, இரு பக்கச் சட்டங்களையும் பிளக் (திருகு பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) போட்டுத் திருகுங்கள். ரொம்ப இறுக்கினால் சட்டம் வளைந்து மடல் (பிராணி தள்ளித் திறக்கும் தொங்கு பலகை) உரசும். வெளிச்சட்டத்தின் மேலேயும் இரு பக்கமும் சிலிகான் போட்டு, கீழ்ப்பக்கம் மட்டும் சின்ன இடைவெளி விடுங்கள், எப்படியாவது உள்ளே புகும் நீர் வெளியேற அது வேண்டும்.

சிலிகான் இறுகும்வரை பிராணியை அண்டவிடாதீர்கள். முதல் சில நாள் மடலை டேப்பால் மேலே தூக்கி ஒட்டி, மறுபக்கம் அதற்குப் பிடித்த தீனியோடு உட்காருங்கள். தயங்காமல் போய்வரத் தொடங்கியதும் மடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தலாம். பிடித்துத் தள்ளினால் மட்டும் அந்தப் பக்கமே வராது, அதிலும் பூனை!