காலி பாட்டில் எடுத்து வைப்பவர் முதலில் மூடியைப் பாருங்கள்

ஜாம் தீர்ந்ததும் பாட்டிலைக் கழுவிப் பரணில் ஏற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் மதுரை வீட்டில் ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் வந்த காலத்து பாட்டில்கள் இன்னும் ஓடுகின்றன. அத்தை அவற்றில்தான் வத்தலும் வடகமும் போட்டு வைப்பார். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தால் பரண் நிறையுமே தவிர வேலைக்கு ஆகாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு என்னிடம் ஒரே கணக்கு: மூடி நன்றாக இருக்கிறதா?

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, வாசனையையும் அது குடிக்காது. கெடுவது மூடிதான். ஜாம், ஊறுகாய், தேன் பாட்டில்களின் தகர மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். காற்றை அடைப்பது அதுதான். பூண்டு ஊறுகாய் வாசனையை விடாமல் பிடித்து வைப்பதும் அதேதான். உள்பூச்சு கீறி, கீறலில் துரு தெரிந்தால் அந்த மூடியைக் குப்பையில் போடுங்கள். வாசனை மட்டும்தான் என்றால் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி விட்டு, கழுவி, வெயிலில் வையுங்கள். அப்படியும் போகவில்லையா? அந்த மூடிக்கு இனி ஊறுகாய் மட்டும்தான், காபித்தூள் பக்கமே வரக்கூடாது. மூடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், வளையம் தளர்ந்துவிடும். வாய் அளவும் திருகுப் புரியும் ஒத்துப்போனால் ஒரு கம்பெனி மூடி இன்னொரு கம்பெனி பாட்டிலுக்குச் சரியாகப் பொருந்தும். அதனால் நல்ல மூடிகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து பாட்டிலின் வாய். ஓரத்தில் ஒரு பஞ்சைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. அது சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம்.

லேபிளை நகத்தால் சுரண்டி அழ வேண்டாம். காகித லேபிள் தண்ணீரில் ஊறினாலே கழன்று வரும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தண்ணீருக்கு அசையாது. அதற்கு பாட்டிலுக்குள் சூடான தண்ணீரை ஊற்றி, பசை இளகியதும் ஒரு முனையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். மிச்சமிருக்கும் பிசுக்கு எண்ணெய்க்குத்தான் விடும். தேங்காயெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, ஆப்ப சோடா தூவி, தேங்காய் நாரால் தேய்த்தால் வந்துவிடும். நல்லெண்ணெயும் இதையே செய்யும்.

வாய் குறுகின பாட்டிலுக்குள் கை போகாது. ஒரு பிடி அரிசிக் குருணையும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெய் படிந்த பாட்டிலானால் முதலில் கடலை மாவைத் தூவி உலர்வாகத் துடைத்தெடுங்கள், அப்புறம் சோப்பு.

சூடு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. இவை அடுப்புக்கென்று செய்த கண்ணாடி அல்ல. குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் அப்படியே நிற்கும். அந்த இழுப்பில் விரிசல் விடும். அடி கனமாக இருந்தால் தாங்கும் என்று நினைக்காதீர்கள், கனமான இடம்தான் முதலில் விடும். முதலில் விளாவின தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, பிறகு சூடானதை ஊற்றுங்கள். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வதானால் அகலப் பாத்திரத்தின் அடியில் ஒரு துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் பாட்டிலை அமிழ்த்தி, அப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள். கொதி வந்து 10 நிமிடம் போதும். அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும்.

காய வைப்பதில்தான் ஊறுகாயின் ஆயுள் இருக்கிறது. முதலில் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு நிமிர்த்தி, வாயில் மெல்லிய துணியால் வேடு கட்டி வெயிலில் வையுங்கள். கவிழ்த்தபடியே விட்டால் உள்ளே ஆவி தங்கிவிடும். பொழுது சாயும் முன் எடுத்து மூடிவிடுங்கள்.

எதில் எதைப் போடுவது? புளி, மாவடு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கண்ணாடிக்கென்றே பிறந்தவை. ஆனால் உப்பும் புளிப்பும் தகர மூடியை அரிக்கும். அதனால் விளிம்பு வரை நிரப்பாமல், துணியால் வேடு கட்டி அதன்மேல் மூடியை வைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் மூடி பாட்டிலாகத் தேர்ந்தெடுக்கலாம். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடியை முழுக்க ஆறவிட்டே போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பூசணமும் வரும். மிளகாய்த் தூளும் நெய்யும் வெளிச்சத்தில் இருந்தால் ஒன்று நிறம் வெளுக்கும், மற்றது காறலடிக்கும். அழகுக்காகத் திறந்த ஷெல்ஃபில் வரிசையாக அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும், அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கவே வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் கிருமி வளரலாம், வாசனையில் அது தெரியாது. இஞ்சி பூண்டு விழுதுக்கும் ஃப்ரிட்ஜ்தான் இடம். ஃப்ரீசரில் வைப்பதானால் தோள் குறுகாத நேர் பாட்டிலாக எடுத்து மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் போல விரியும்.

ஃபினாயிலையோ மண்ணெண்ணெயையோ ஜாம் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது ஜாம் பாட்டில்தான். ஒருமுறை அப்படி ஊற்றிய பாட்டில் திரும்பவும் சமையலறைக்குள் வரக்கூடாது.

மூடி போனவற்றில் கரண்டி வைக்கலாம், மணி பிளான்ட் வளர்க்கலாம். விரிசல் விட்டதை மட்டும் பழைய செய்தித்தாளில் கனமாகச் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டி வரும்போது சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.