சேலத்து வீட்டில் பவளப்பாறை மீன்கள்: தொட்டி அமைத்துக் காக்கும் முறை

பவளப்பாறைகளில் வாழும் வண்ண மீன்களைச் சேலத்திலோ ஏற்காட்டிலோ வளர்க்க விரும்புகிறவர், தம் நேரத்தில் பெரும்பகுதி கடல்நீரைத் தயாரிப்பதிலும் அதைக் கெடாமல் காப்பதிலுமே செலவாகும் என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். கடற்கரைக்கும் நமக்கும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு லிட்டர் உப்புநீரையும் வீட்டிலேயே கலந்தாக வேண்டும். கப்பி, தங்கமீன், ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களை வளர்த்த பழக்கம் கைகொடுக்கும் என்றாலும், கடல்மீன் தொட்டி தவறுகளை மன்னிப்பது குறைவு. நீர் தயாராகி, சோதித்து, நிலைபெற்ற பிறகுதான் மீன் வாங்க வேண்டும் என்ற ஒழுங்கை விடாமல் கடைப்பிடிப்பவருக்கு இது கைகூடும்.

முதலில் எந்தெந்த மீன்களை வாங்கக் கூடாது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வண்ணாத்தி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள பவளத்தின் மொட்டுகளைத் தின்றே வாழ்பவை; தொட்டியில் எந்த உணவைப் போட்டாலும் தொடாமல் மெலிந்து இறந்துவிடும். கடைகளில் டோரி என்று கேட்டு வாங்கப்படும் நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. குட்டியாக இருக்கும்போது மூன்றடித் தொட்டியில் அழகாகத் தெரிந்தாலும், நீந்த இடமின்றி நோய்ப்படும். மாண்டரின் மீன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்பதால், முதிர்ந்த பெரிய தொட்டி இல்லாதவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பிடுங்கித் தின்று வாழும் துப்புரவு மீனும், பாறையைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கும் கிளிமீனும் கடலிலேயே இருக்கட்டும்.

நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களை மட்டுமே. தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் பாறை இடுக்குகளில் சயனைடு பீய்ச்சி மீன்களை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் 1960-களிலிருந்து இருந்துவருகிறது; அந்த நஞ்சு அருகிலுள்ள பவளத்தையும் கொல்கிறது, பிடிபட்ட மீனும் பல வேளைகளில் வாங்கிய சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறந்துவிடுகிறது. கோமாளி மீனுக்கு இந்தக் கொடுமை தேவையே இல்லை. மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்களும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றைத் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சுகள் தூள் உணவுக்குப் பழகியவை. மனித நடமாட்டத்துக்கு அஞ்சாதவை. விற்பவரிடம் ‘பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுவதே முறை.

பவளமும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவை இடம்பெற்றிருப்பதால், அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றமாகும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் பவளத் திட்டுகள் ஏற்கெனவே கடல்நீர் சூடேறி வெளிறும் சிக்கலில் இருக்கின்றன. அங்கிருந்து உடைத்து வந்த ஒரு துண்டு நம் வீட்டுக் கண்ணாடிக்குள் இருக்கக் கூடாது. ‘லைவ் ராக்’ (உயிரிகள் குடியேறிய பாறை) என்ற பெயரில் அதைக் கொடுக்க யாரேனும் முன்வந்தாலும் மறுத்துவிட்டு, மீன்தொட்டிக்கென்று சுட்ட நுண்துளைப் பீங்கான் பாறைகளைப் பயன்படுத்துங்கள். அவற்றின் துளைகளிலேயே நமக்கு வேண்டிய பாக்டீரியா குடியேறும்.

சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கரடு பக்கம் கிடைக்கும் வெள்ளை மேக்னசைட் கற்கள் பார்வைக்குப் பவளம்போலவே இருப்பதால் அவற்றை எடுத்துத் தொட்டியில் அடுக்கும் ஆசை எழும். அந்தக் கற்களோடு ஒட்டிவரும் கரும்பச்சைப் பாறைத் துணுக்குகளில் இரும்பு, குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும்; மூடிய சிறு நீர்நிலையில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

தொட்டியின் அளவு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இது விளிம்புவரை 190 லிட்டர் கொள்ளும். பாறையும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 150 லிட்டர் நீர் நிற்கும். எடை கால் டன்னை நெருங்குமாதலால் உறுதியான இரும்புத் தாங்கியும் சமமான தரையும் வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தத் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையே ஏற்றது.

இனி நீர். போர்வெல் நீரில் கரைந்துள்ள உப்புகள் எவை, எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. குழாயில் வரும் மேட்டூர்க் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். ஆகவே இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்தாமல், ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரையே எடுக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகச் சிறிது மூல நீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும்; அதை முழுமையாக மூடிவிட்டு, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளவு 10-க்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கடைசியில் எஞ்சிய உப்புகளையும் நீக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குடுவையைச் சேர்த்துக்கொள்ளலாம். கேன் தண்ணீர் வாங்குவோரும் ஒவ்வொரு கேனையும் மீட்டரில் அளந்தே ஊற்ற வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை சமையல் கல்லுப்பு ஒருபோதும் உதவாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னதாகவே படிந்து பிரிந்துவிடுகின்றன. பிறகு சோடியம் குளோரைடு படிகமானதும், மெக்னீசியம் மிகுந்த எஞ்சிய நீர் வடித்து அகற்றப்படுகிறது. எனவே கல்லுப்பை நீரில் கரைத்தால் கடல்நீர் திரும்பக் கிடைப்பதில்லை. மீன்தொட்டிக்கென்று பாக்கெட்டில் வரும் செயற்கைக் கடலுப்பை வாங்கி, லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வீதம், நீருக்குள் உப்பைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரையுங்கள். உப்பின்மேல் நீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து பால்போல் கலங்கிவிடும். ஒரு சிறு மோட்டார் ஓட 24 மணி நேரம் சுழலவிட்ட பின், உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவு, அதாவது 1.025-லிருந்து 1.026 வரையான ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) இருக்க வேண்டும்.

நீரும் பாறையும் நிரப்பி, சுழற்சி மோட்டாரையும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் ஓடவிட்ட பிறகு, கட்டைவிரல் அளவு பச்சை இறால் துண்டு ஒன்றை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் விடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா உருவாகும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை, மீனுக்குப் பெரிதும் கேடு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகிச் சமநிலை அடைய வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.1 முதல் 8.4 வரை இருப்பதாலும், காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடுவதாலும், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிய அளவைக் கடல்மீன் தாங்காது. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியமாக வரும்வரை தொட்டி வெறுமையாகவே இருக்கட்டும். பலரும் பொறுமையிழப்பது இந்தக் கட்டத்தில்தான்; அதன் விலையை மீன் கொடுக்கிறது.

வெப்பம்தான் நம் ஊரில் பெரிய எதிரி. தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும்; சேலத்துக் கோடையிலோ வெளியே 40 டிகிரியைத் தொடும். நம் கோடைக் காற்று வறண்டதாக இருப்பது இங்கே சாதகமாக அமைகிறது: நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும் சிறு மின்விசிறியே ஆவியாதல் மூலம் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துவிடும். அறையே 34, 35 டிகிரியில் இருந்தால் இது போதாது. அப்போது தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ, அறைக்குக் குளிர்சாதனமோ வேண்டும். இவற்றுக்கு வசதியில்லாதவர் தொட்டி வைப்பதை ஒத்திப்போடுவதே மீனுக்குச் செய்யும் நன்மை.

விசிறி ஓடும்போது ஒரு நாளில் 3 லிட்டர் நீர்கூட வற்றலாம். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். 150 லிட்டர் தொட்டியில் மூன்று நாள் இப்படி வற்றவிட்டால் 35-ஆக இருந்த உப்பளவு 37-ஐத் தாண்டிவிடும். கடல்மீன்கள் உடலிலிருந்து நீரை வெளிப்புற உப்புக்கு இழந்துகொண்டே இருப்பவை. அதை ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. உப்பளவு ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த உழைப்பு கூடி மீன் தளர்ந்துபோகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு ஒட்டி, தினமும் காலையும் மாலையும் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள்.

ஏற்காட்டில் நிலைமை நேர்மாறானது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்கால இரவுகளில் தொட்டி நீர் சட்டெனக் குளிர்ந்துவிடும் என்பதால், 150 வாட் ஹீட்டர் இரண்டைத் தொட்டியின் இரு முனைகளிலும் பொருத்துவது நல்லது. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். உப்புநீர் இயல்பாகவே நன்னீரைவிடக் குறைந்த ஆக்சிஜனையே ஏற்கும். ஆகவே அங்கே மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மோட்டாரின் வாயை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டிருக்கும்படி வையுங்கள்.

மீன் வாங்கும்போது ஒரே பொரிப்பில் வந்த, ஒன்று சற்றுப் பெரியதும் மற்றது சிறியதுமான இரண்டு இளம் கோமாளி மீன்களைத் தேர்ந்தெடுங்கள். இவை அனைத்தும் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் இயல்புடையவை. அளவு வேறுபாடு இருந்தால் யார் பெரியவர் என்ற சண்டை விரைவில் தீர்ந்துவிடும். பெரிய மீன் நெருங்கும்போது சின்ன மீன் பக்கவாட்டில் சாய்ந்து, தலையிலிருந்து வால்வரை விறுவிறுவென்று நடுங்கிக் காட்டும். நோய் என்று பயப்பட வேண்டாம். அது பணிவைத் தெரிவிக்கும் சைகை. கடலில் இவை தங்கி வாழும் கடல் அனிமோனி என்ற உயிரி இல்லாமலும் இவை நலமாக வாழும்.

வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீனின் பையில், மூச்சில் வெளிப்பட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் தேங்கிய அம்மோனியாவின் நச்சும் அடங்கியிருக்கும். பையைத் திறந்து வெகுநேரம் விட்டால் பி.எச். ஏறி அந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். எனவே விற்பவரிடம் அவர் தொட்டியின் உப்பளவை முன்பே கேட்டு, புது மீனை முதலில் பிரித்து வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டி ஒன்றை அதே அளவில் தயாராக வைத்திருங்கள். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் மாற்றிவிட்டு, பைநீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். அந்த உப்பளவு முதன்மைத் தொட்டியின் 35-ஐவிடக் குறைவாக இருந்தால் அடுத்த நாள்களில் நாளுக்கு ஓர் அலகு வீதம் உயர்த்தலாம். குறைந்தது நான்கு வாரம் அங்கே வைத்து, உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகளோ வேகமான மூச்சிரைப்போ தோன்றுகிறதா என்று பார்த்த பின்பே முதன்மைத் தொட்டியில் விட வேண்டும்.

நிறம் மங்காமல் இருப்பது பெரும்பாலும் உணவைப் பொறுத்தது. ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்கு அடிப்படையான கரோட்டினாய்டுகளை மீன் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறால், நறுக்கிய இறால், ஸ்பைருலினா பாசி கலந்த குருணை ஆகியவற்றை மாற்றி மாற்றி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவில் நாளுக்கு இருமுறை கொடுங்கள்.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கிம்மரின் கிண்ணத்தில் சேர்ந்திருக்கும் தேயிலை நிறக் கழிவைக் கொட்டிக் கழுவுங்கள். எடுத்த உப்புநீரைத் தோட்டத்திலோ காப்பிச் செடிகளின் அடியிலோ ஊற்றினால் மண் பாழாகும்; கழிவுநீர்க் குழாயிலேயே விடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிப் பிற்பகல்வரை நீளும் என்பதால், சுழற்சி மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைப்பதோடு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றையும் கைவசம் வைத்திருங்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் உணவு டப்பாவைக் கொடுக்காமல், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, கோடுவரை ஊற்ற வேண்டிய ஆர்.ஓ. நீரைக் குடத்தில் நிரப்பி, தொட்டியின் அருகிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.